பழைய வீணை வாங்கலாமா?



"டீச்சர், தஞ்சாவூரில் பழைய ஏகாந்த வீணை ஒன்று விலைக்கு வருகிறதாம், வாங்கலாமா?" என்று ஆறேழு மாதத்தில் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஒருத்தி சிங்கப்பூர், ஒருவன் நியூஜெர்சி, இன்னொருத்தி நம்ம கும்பகோணம். இப்போது எனக்கே அப்படி ஒரு வீணை வந்திருக்கிறது. தூரத்து உறவில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள். இரண்டரை லட்சம் சொல்கிறார்கள். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் மிச்சம் வைத்திருப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். வீணை மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஏன் என்று எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஏகாந்தம் என்றால் என்ன? குடம், தண்டி, யாளி முகத்துக்குப் போகும் கழுத்து எல்லாவற்றையும் ஒரே பலாமரத் துண்டில் குடைந்து செய்வது ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. ஒரே மரம் என்பதால் நாதம் தடையில்லாமல் ஓடும் என்பார்கள். அவ்வளவு பெரிய, பழுதில்லாத பலாக் கட்டை கிடைப்பதும் லேசில்லை; பண்ருட்டிப் பக்கத்திலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. அதனால் விலை கூடுகிறது. அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் 'பழசு' என்பதற்கு மட்டும் தனி விலை கேட்கிறார்களே, அங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். வீணையில் எது பழசாகிறது? மரம் மட்டும்தான். தந்தி ஏழும் அவ்வப்போது மாற்ற வேண்டியவை. 24 மெட்டுகளும் மெழுகின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு மெழுகு இளகும், மெட்டு அசையும், சுருதி விலகும். அப்போது மேளம் கட்டுகிறவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். ஐம்பது வருஷம் பரணில் கிடந்த வீணைக்கு இந்தச் செலவு நிச்சயம். குடத்தில் கீறல் இருக்கிறதா, தண்டி வளைந்திருக்கிறதா என்பது அதற்கு மேல். வாங்குகிற வீணையைப் படம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப்போய் ஒவ்வொரு மெட்டிலும் தந்தியை அழுத்திக் கேட்கச் சொல்லுங்கள். விற்கிறவர் சொல்லும் பரம்பரைக் கதையைக் காதில் வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது சட்டம். பழைய வீணைகள் பலவற்றில் ஓரத்து வேலைப்பாடு யானைத் தந்தத்தில் இருக்கும். இப்போது பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 1986இல் திருத்தியபோது நம் நாட்டு யானைத் தந்த வியாபாரம் தடையானது. 1991 திருத்தத்தில் வெளிநாட்டுத் தந்தமும் சேர்ந்துகொண்டது. தாத்தா வீட்டுப் பொருள், எப்போதோ செய்தது என்றெல்லாம் சொல்லி அதை விற்கவோ வாங்கவோ முடியாது. சிங்கப்பூர்க்காரி கவனிக்கட்டும்: தந்தம் பதித்த வீணையோடு விமான நிலையத்தில் நின்றால் வீணையும் போகும், நிம்மதியும் போகும். எனக்கு வந்த வீணையிலும் வெள்ளையாக ஓரம் இருக்கிறது. "எலும்புதான்" என்கிறார்கள். இருக்கலாம். சந்தேகம் உள்ள பொருளுக்கு நான் பணம் கொடுப்பதில்லை.

நியூஜெர்சிக்காரன் ஒரு வாதம் வைத்தான். அமெரிக்காவில் 'ஆர்ச்டாப்' என்று ஜாஸ் வாசிக்கிற கிட்டார் இருக்கிறதாம். வயலின் போல மேல்பலகையை வளைவாகச் செதுக்குவார்கள். கிப்சன் கம்பெனி 1922இல் கொண்டுவந்த எல்-5 என்ற கிட்டாரில் அக்காலத்துப் பழசுக்கு, அதுவும் லாயிட் லோர் கையெழுத்திட்ட சீட்டு உள்ளே ஒட்டியிருந்தால், பெரிய விலையாம். "வீணையும் அப்படி ஏறும் டீச்சர், முதலீடு மாதிரி" என்றான். தம்பி, அங்கே எந்த வருஷம், யார் செய்தது என்று சீட்டு பேசுகிறது. நம் பழைய வீணைகளில் பலவற்றுக்கு ஆசாரியின் பெயரே தெரியாது. பெயர் தெரியாத பழசுக்கு விலை வைப்பது வியாபாரியின் வாய்தான். முதலீடு வேண்டுமென்றால் தபால் நிலையத்துக்குப் போ.

எனக்குப் பெரிதாகப் படும் காரணம் வேறு. நம்ம பக்கத்து நரசிங்கம்பேட்டையைப் பாருங்கள். நாகஸ்வரம் செய்ய ஆச்சா மரம் வேண்டும். அதுவும் நன்கு முதிர்ந்து காய்ந்தது வேண்டும் என்று பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் உத்தரங்களையும் தூண்களையும் தேடி வாங்குவார்கள். பழைய மரம், ஆனால் வாத்தியம் புதுசு. அந்த ஊர் ரங்கநாதன் ஆச்சாரி உருவாக்கிய பாரி நாகஸ்வரத்தைத்தான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ஊரறியச் செய்தார். அவ்வளவு பெரிய வித்வான் நினைத்திருந்தால் பழங்காலத்து நாகஸ்வரமே போதும் என்று இருந்திருக்கலாம். பக்கத்து ஊர் ஆசாரியின் புது வேலையை நம்பிக் கையில் எடுத்தார். வயது மரத்துக்கு வேண்டும். வாத்தியத்துக்கு வேண்டியது வாசிக்கிற கை.

தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் குறியீடு உளி பிடிக்காது. இந்த வேலை செய்கிற குடும்பங்களில் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள், அதில் தப்பும் இல்லை. நாம் பழைய வீணைக்குக் கொடுக்கும் லட்சங்களில் ஒரு ரூபாய்கூடப் பட்டறைக்குப் போகாது. இன்று நாம் ஆசைப்படும் ஒவ்வொரு பழைய வீணையும் ஒரு நாள் யாரோ ஒருவர் முன்பணம் கொடுத்துச் சொல்லிச் செய்த புது வீணைதானே? நாம் யாரும் புதிதாகச் செய்யச் சொல்லாவிட்டால், ஐம்பது வருஷம் கழித்து உங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பழைய வீணை எங்கிருந்து வரும்?

பழசே கூடாது என்று சொல்லவில்லை. தந்தம் இல்லாமல், கட்டை நன்றாக இருந்து, வீட்டில் தினமும் வாசிக்க ஒருவர் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். அம்மாவோ பாட்டியோ வாசித்தது வீட்டில் இருந்தால் அதை விற்கவே வேண்டாம், சரிசெய்து வாசியுங்கள். கண்ணாடிப் பெட்டியில் வைக்க வாங்குவதானால் அந்தப் பணத்தில் ஒரு பெண் பிள்ளைக்குப் பாட்டு வாத்தியார் சம்பளம் கொடுக்கலாம்.

நான் தெற்கு வீதிப் பக்கம் ஒரு பட்டறையில் புது வீணைக்குச் சொல்லிவிட்டேன். ஒட்டு வீணைதான், என் விரலுக்கும் என் கைப்பணத்துக்கும் அது போதும். முடிய மாதங்கள் ஆகும், அவசரம் இல்லை. வீட்டில் வீணையைச் சும்மா சாத்தி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன்: நவராத்திரிக்கு முன்னால் ஆசாரியைக் கூப்பிட்டு மேளம் கட்டி, தந்தி மாற்றுங்கள். கொலுவில் பொட்டு வைத்து வணங்கினால் மட்டும் போதாது, ஸரிகமயாவது வாசியுங்கள். செய்தவர்கள் இங்கே எழுதுங்கள். சேதி கேட்டால் சந்தோஷப்படுவேன்.