சத்தம் கேட்டதும் சாமான் மாற்ற வேண்டாம்

ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் கோயம்பேட்டுக்கும் லோடு அடிக்கும் பிக்கப் வண்டிகளின் பின்பக்கம் குனிந்து பார்த்தால், கமான் கட்டில் கூடுதலாக ஒன்றிரண்டு பட்டை சேர்த்திருப்பதைப் பலவற்றில் காணலாம். சிலர் டயரைப் பெரிதாக்குகிறார்கள், சிலர் அழகுக்காக அகல வீல் போடுகிறார்கள். சில மாதங்களில் அடியிலிருந்து சத்தம் கிளம்புகிறது. பட்டறையில் முதலில் பேரிங் மாறும், பிறகு ஷாக் அப்சார்பர், பிறகு புஷ். பணம் போகும், சத்தம் போகாது.

பழியை மெக்கானிக் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. புதுச் சாமானுக்குக் காசு கொடுக்கத் தயங்காத வண்டிக்காரர்கள், ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, அடியில் படுத்துத் தேடி, கடைசியில் ஒரு நட்டை மட்டும் முறுக்கிக் கொடுத்தவருக்குக் கூலி தர முகம் சுளிக்கிறார்கள். அப்படியிருக்க, அவர் ஏன் தேடப் போகிறார்?

தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். வீல் பேரிங் போனால் வேகம் கூடக் கூட உறுமலும் கூடும். ஆளில்லாத சாலையில் ஸ்டியரிங்கை மெல்ல வலப்பக்கம் ஒடித்தால் பாரம் இடது சக்கரத்தின் மேல் சாயும். அப்போது உறுமல் ஏறினால் இடது பேரிங்கைச் சந்தேகிக்கலாம். டயர் சத்தமோ, தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு ஏறியதும் தொனி மாறும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: ஷாக் போன வண்டியில் டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்து, பேரிங்கைப் போலவே உறுமும். உள்ளங்கையை டயர் மேல் ஓடவிட்டால் அந்த மேடுபள்ளம் கைக்குத் தட்டுப்படும். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் பேரிங்கையோ பால் ஜாயிண்டையோ பார்க்க வேண்டும். பக்கவாட்டில் ஆடினால் டை ராட். இதற்கெல்லாம் விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

பட்டை சேர்த்த வண்டிக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. பட்டை கூடினால் கட்டின் கனம் கூடும். பழைய யூ போல்ட்டையே மறுபடி மாட்டினால் நட்டு பிடிக்க மரை போதாது. புது போல்ட்டே போட்டாலும், லோடோடு கொஞ்ச தூரம் ஓடியதும் பட்டைகள் படிந்து பிடி தளரும். மறுபடி முறுக்காவிட்டால் கிளம்பும்போதும் பிரேக் அடிக்கும்போதும் ‘டக்’ என்று கேட்கும். கமான் கட்டும் அச்சும் சேரும் இடத்தில் பளபளவென்று தேய்ந்த கோடோ செம்மண் நிறத்தில் துருப்பொடியோ தெரிந்தால், அங்கே இரும்பு இரும்போடு உரசுகிறது. அப்படியே விட்டால் செண்டர் போல்ட் முறிந்து, அச்சு நகர்ந்து, வண்டி கோணலாக ஓடும். வீல் நட்டைச் சுற்றி அதே துருப்பொடி இருந்தால் நட்டு தளர்ந்திருக்கக்கூடும். முறுக்கிப் பார்க்காமல் வண்டியை நகர்த்தவே கூடாது.

இதே ‘டக்’ புரொபெல்லர் ஷாஃப்ட் கிராஸிலிருந்தும் வரும். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றி ஓட்டும்போது அது தெளிவாகக் கேட்கும்.

லோடு ஏற்றினால் மட்டும் வரும் சத்தத்தை, பட்டறை வாசலில் காலி வண்டியை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எப்போது கேட்கிறது, எந்த வேகத்தில், லோடு இருந்ததா, எதை எப்போது மாற்றினீர்கள் என்று ஓட்டுநரிடம் கேட்காமல் ஸ்பானரைத் தொடுவது தவறு. எட்டு வயது வரையுள்ள சரக்கு வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் எஃப்சி. நடுவில் கோளாறை முதலில் அறிபவர் ஓட்டுநர்தான்.

ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். அதற்குப் பயந்து மெக்கானிக்கிடம் மறைப்பவர் தன் உயிரையும் எதிரே வருபவர் உயிரையும் பணயம் வைக்கிறார். எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில், எந்தப் பட்டை, எந்த அளவு டயர் என்று டேஷ்போர்டில் ஒரு நோட்டு இருக்கட்டும். பட்டறை பில்லிலும் சாமான் விலைக்கு மேலே ‘சோதனைக் கூலி’ என்று தனி வரி வர வேண்டும். வண்டிக்காரர்கள் அதைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும்.