வேலிக்குள் போன இரண்டு ஊர்கள்

பட்டான்செருவின் பழைய குடிகள் யார் என்று இங்கே யாரைக் கேட்டாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, ஆயிரம் ஆண்டுக் கதை. பொட்டலகெரே என்ற பெயரில் இந்த ஊர் மேலைச் சாளுக்கியன் இரண்டாம் ஜெயசிம்மனின் தலைநகராக இருந்தது. முயங்கிப் போரில் ராஜேந்திர சோழனுக்கு முதுகு காட்டியதாகச் சோழ மெய்க்கீர்த்தி சொல்லும் அதே ஜெயசிம்மன்தான். இங்கே மண்ணில் கிடைத்த சமணச் சிலைகளை ஐதராபாத் அரசு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். இன்னொரு பதில் நேற்றைய கதை: இக்ரிசாட் ஆய்வு நிறுவனம் வந்தது, தொழிற்பேட்டை வந்தது, பக்கத்து ராமச்சந்திராபுரத்தில் பி.எச்.இ.எல். வந்தது. ராஜாவுக்கும் ஆலைக்கும் நடுவில் இங்கே உழுது பிழைத்தவர்களைப் பற்றி ஒரு சொல் இருக்காது.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பி.எச்.இ.எல். குடியிருப்புக்குக் கல்யாணமாகி வந்தவள். சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘உங்கள் குடும்பம் எப்போது, எங்கிருந்து இந்த ஊருக்கு வந்தது?’ என்று வீட்டில் கேட்டு எழுதி வரச் சொல்வேன். ஸ்ரீகாகுளம், பீதர், ஒடிசா, பிகார் என்று எழுதி வருவார்கள். ஒரு வருடம் ஒரு சிறுமி, ‘நாங்கள் எங்கிருந்தும் வரவில்லை. எங்கள் ஊர் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது’ என்று எழுதியிருந்தாள்.

அந்த ஊர் மன்மூல். அதோடு சேர்ந்து போன இன்னொன்று காசிரெட்டிப்பள்ளி. வறண்ட நாடுகளின் பயிர்களுக்கென்று இக்ரிசாட் என்ற உலக ஆய்வு நிறுவனத்தை அமைக்க 1972-இல் இந்திய அரசும் போர்டு அறக்கட்டளையும் ஒப்பந்தம் போட்டன. பட்டான்செருவில் சுமார் 3,500 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. ஒரே வளாகத்தில் கரிசலும் செம்மண்ணும் கிடைத்தன. ஆய்வுக்கு அதைவிட வாகான இடம் அமையாது. அந்த நிலத்துக்குள் இருந்த இரண்டு ஊர்களும் காலி செய்யப்பட்டு, மக்கள் வெளியே குடியமர்த்தப்பட்டார்கள்.

அந்தச் சிறுமியின் பாட்டியைப் போய்ப் பார்த்தேன். வீடு போனதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. நிலத்தைப் பற்றித்தான் பேசினார். கரிசலில் மழைக்காலம் முழுக்க எதுவும் விதைக்க மாட்டார்களாம். காய்ந்தால் கலப்பை இறங்காது, நனைந்தால் மாட்டின் கால் புதையும். மழைத் தண்ணீரை மண் குடித்து முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, மழை ஓய்ந்த பின் அந்த ஈரத்தை நம்பிச் சோளமும் கொண்டைக்கடலையும் போடுவார்கள். எந்தக் காணியில் ஈரம் எத்தனை நாள் நிற்கும் என்பது தன் மாமியாருக்குக் காலால் மிதித்தே தெரியும் என்றார்.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. 1976 முதல் இக்ரிசாட் கரிசலில் ஒரு நெடுங்கால ஆய்வு நடக்கிறது. ஒரு பகுதியில் அகலப் பாத்தி, வாய்க்கால், உரம், மழைக்காலத்திலேயே சோளமும் துவரையும் கலந்து சாகுபடி. இன்னொரு பகுதியில் அந்தப் பாட்டி சொன்ன அதே பழைய முறை. முதலாவதில் ஹெக்டேருக்குச் சராசரி சுமார் 5 டன், இரண்டாவதில் 1 டன் சொச்சம். உலகமே மேற்கோள் காட்டும் கணக்கு இது. புதிய முறை எவ்வளவு மேல் என்று அளக்க உதவும் அந்த ‘உழவர் வழக்கம்’ இந்த மண்ணின் பழைய குடிகளும் கைக்கொண்ட சாகுபடிதான். கட்டுரைகளில் வழக்கம் இருக்கிறது, வழங்கியவர்கள் இல்லை.

மண்ணியல் அறிஞர்கள் இந்த வளாகத்துக் கரிசலுக்கு ‘காசிரெட்டிப்பள்ளி வரிசை’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். செம்மண்ணுக்குப் ‘பட்டான்செரு வரிசை’. ஆய்வேடுகளில் அந்த ஊரின் பெயரைப் படிக்கிறவர்கள், அங்கே வீடுகள் இருந்ததைக் கற்பனைகூடச் செய்ய மாட்டார்கள். அதே வளாகத்தின் விதை வங்கியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் குளிரில் பாதுகாக்கப்படுகின்றன. எந்த நாடு, எந்த வட்டாரம், எப்போது சேகரித்தது என்ற விவரத்தை அவற்றுக்கு எழுதி வைக்கிறார்கள். பாஸ்போர்ட் தரவு என்றே அதற்குப் பெயர். ஒரு பிடி கம்புக்குச் செய்யும் இந்த மரியாதையை, அந்த மண்ணை விட்டுப் போன குடும்பங்களுக்கும் செய்ய வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

நிலம் எடுத்ததே குற்றம் என்று வாதாட நான் வரவில்லை. நைஜரிலும் மாலியிலும் கம்பும் சோளமும் விதைக்கிற உழவருக்கு இங்கிருந்து போன ஆராய்ச்சி உதவியிருக்கிறது. 2022 பிப்ரவரியில் பிரதமர் வந்து பொன்விழாவைத் தொடங்கி வைத்தது நாட்டுக்கே பெருமை. ஆனால் ஐம்பது ஆண்டுக் கதையை 1972-இலிருந்து தொடங்கும்போது அதற்கு முந்தைய நாள்வரை அங்கே ஏர் ஓட்டியவர்கள் விட்டுப்போகிறார்கள்.

அவர்கள் பெயர் எங்கும் இல்லாமல் போகவில்லை. தெலங்கானா நிலப் பதிவுகளுக்கெல்லாம் அடிப்படை 1954–55 கஸ்ரா பஹாணி. சர்வே எண் வாரியாகப் பட்டாதாரர் யார், அனுபவத்தில் இருப்பவர் யார் என்று அதில் எழுதியிருக்கும். 1950 குத்தகைச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட குத்தகைதாரர் பதிவேடு தனி. இந்த இரண்டு ஊர்களின் பக்கங்களையும் படியெடுத்துப் பட்டான்செரு நூலகத்தில் வைக்கச் சொல்லி மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டால் போதும். பெரிய செலவு இல்லை.

பதிவேட்டில் ஏறாதவர்கள்தான் எனக்குப் பெரிய கவலை. களை பறித்த பெண்கள், ஆடு மேய்த்தவர்கள், சலவை செய்தவர்கள், செருப்புத் தைத்தவர்கள் யாருக்கும் சர்வே எண் கிடையாது. வாயால் சொன்னால்தான் அவர்கள் கதை. ஊர் காலியானபோது இருபது வயதாக இருந்தவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. வேலிக்கு வெளியே இருந்த ஊர்களின் கதையும் சேர வேண்டும். ஆலைக் கழிவு நக்கவாகு ஓடையில் கலந்து, நீரும் நிலமும் கெட்டு, வழக்கு 1990-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த உழவர்களை இன்று பாதிக்கப்பட்டோர் பட்டியலில் மட்டுமே தெரியும். அதற்கு முன் அவர்கள் என்ன விளைவித்தார்கள், ஏரித் தண்ணீரை எப்படிப் பங்கிட்டார்கள் என்று யாராவது கேட்டு எழுத வேண்டாமா?

2007-இல் பட்டான்செரு நகராட்சி ஐதராபாத் மாநகராட்சியோடு சேர்ந்தது. கட்டடங்கள் எழும் வேகத்தில் ஊர் என்ற நினைப்பே தேய்கிறது. இங்குள்ள பள்ளிகளும் இக்ரிசாட்டும் கைகோத்தால் ஒரே கல்வியாண்டில் இந்தக் கதைகளைத் திரட்டி முடிக்கலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கைப்பேசியோடு முதியவர்களிடம் போகட்டும். முதியவர்களை வளாகத்துக்குள் அழைத்துச் சென்று, எந்தக் காணி யாருடையது, கிணறு எங்கே, ஊர்ச்சாவடி எங்கே என்று கேட்டு வரைபடத்தில் குறிக்கட்டும். அந்த வரைபடத்தை வளாகத்துக்கு வரும் விருந்தினர் பார்வையில் படும்படி மாட்ட இக்ரிசாட் சம்மதிக்க வேண்டும்.