விரலின் சொல் கேட்கும் விசை

வேலப்பன்சாவடியில் குடியிருப்பவர்களுக்குத் திருவேற்காடு அடுத்த ஊர். ஆடி மாதம் வந்துவிட்டால் கருமாரியம்மன் கோயில் நாதசுரமும், தெருமுனை மெல்லிசைக் கச்சேரியும் ஒரே நாளில் காதில் விழும். அப்படியொரு நாள், மேடையில் கீபோர்டு வாசித்தவர் நாதசுர ஒலியைத் தேர்ந்தெடுத்து ஒரு பாடலைத் தொடங்கினார். ஒலி என்னவோ நாதசுரத்தின் ஒலிதான். ஆனால் நாதசுரம் அங்கே இல்லை! சுரங்கள் படிக்கட்டுகளைப் போலத் தனித்தனியே நின்றன; ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிச் செல்லவில்லை. குறை வாசித்தவருடையதா, கருவியினுடையதா?

இக்கேள்வி புதிதன்று. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. கமகம் அதில் பேசாது என்பது முக்கியமான காரணம். 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. துருத்தியால் ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம். சுரத்தை அசைக்க முடியாது. தோடியின் காந்தாரம் அசையாமல் நின்றால் அது தோடியாகுமா?

மின்னணுக் கருவிகள் இக்குறைக்கு மருந்து கண்டன. விசையைத் தட்டும் வேகத்தை அளந்து ஒலியின் வலிமையை மாற்றுவது ஒரு வழி. தட்டிய பின்னும் விரல் தரும் அழுத்தத்தை உணர்வது இரண்டாவது வழி. 1977-இல் வந்த யமஹா சி.எஸ். 80 ஒவ்வொரு விசையின் அழுத்தத்தையும் தனித்தனியே உணர்ந்தது. சக்கரத்தைத் திருப்பிச் சுரத்தை வளைப்பது மூன்றாவது வழி. 1983-இல் வந்த 'மிடி' என்னும் பொது ஏற்பாட்டில் இம்மூன்றுக்கும் இடம் உண்டு. ஆனால் சக்கரத்தைத் திருப்பினால், ஒரே தடத்தில் ஒலிக்கும் சுரங்கள் எல்லாம் சேர்ந்தே வளையும். பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் மேனாட்டு இசைக்கு இது குறை. ஒவ்வொரு சுரத்தையும் தனியே வளைக்கும் முறை 2018-இல் பொது முறையாயிற்று. ஒரு சுரத்தின் பின் ஒரு சுரமாக நடக்கும் நம் இசைக்கோ பழைய சக்கரமே போதும்!

சென்னைக் கலைஞர் கே. சத்தியநாராயணன் கீபோர்டிலேயே கருநாடக இசைக் கச்சேரி செய்து இதை மெய்ப்பித்திருக்கிறார். வலக்கை விசையைத் தொட, இடக்கை சுரத்தை வளைக்கிறது. ஏ. ஆர். ரகுமானோ, 2009-இல் வெளிவந்த 'டெல்லி 6' படத்தின் பாடலொன்றில், தனித்தனி விசைகளே இல்லாமல் விரல் வழுக்கிச் செல்லும் 'கன்டினுவம்' என்ற கருவியை வாசித்தார்.

நாமோ பிள்ளைகளுக்குக் கீபோர்டு வாங்கும்போது, "எத்தனை ஒலிகள்? எத்தனை தாளங்கள்?" என்றே கேட்கிறோம். விரலின் அழுத்தத்தை உணருமா, சுரம் வளையுமா என்று கேட்பதில்லை. மலிவான கருவிகள் பலவற்றில் மெல்லத் தொட்டாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே ஒலிதான். அதிலேயே பழகும் குழந்தையின் காது, அசையாத சுரமே சுரம் என்று நம்பிவிடும். இதுவே என் கவலை.

சக்கரம் இருந்தால் கமகம் வந்துவிடுமா என்று சிலர் கேட்கலாம். வராதுதான். எவ்வளவு வளைப்பது, எங்கே நிறுத்துவது என்பதைச் சக்கரம் சொல்லாது. கேள்வி ஞானம்தான் சொல்லும். ஆகவே, நண்பர்களே, கீபோர்டு பயில்வோர் சிறிதேனும் வாய்ப்பாட்டும் பயில வேண்டும். கோயில் வாசலில் நாதசுரம் ஒலித்தால் சற்றே நின்று கேட்க வேண்டும். நம் கல்லூரிக்கு ஒரு கருவி வாங்கும் நாள் வந்தால், நூறு குரல்களில் ஒரே மாதிரி பேசும் கருவி வேண்டாம். ஒரு குரலே ஆனாலும் விரலின் சொல் கேட்கும் கருவியே வேண்டும்.