பட்டாணியர் வாழ்வில் ஆட்சி செய்வது மதமா, வழக்கமா?

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு மகாத்மாவின் பெயர் சூட்டப்பட்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். அதே பெயரை மக்கள் ஒரு பட்டாணியருக்கும் சூட்டினார்கள். அவர்தான் 'எல்லை காந்தி' கான் அப்துல் கபார் கான்.

பட்டாணியர்களுக்குப் பக்தூன்கள் என்றும் பெயர் உண்டு. ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் எல்லையின் இருபுறமும் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் சன்னி முஸ்லிம்கள். ஒரு காலத்தில் அவர்களில் சிலர் தமிழ்நாட்டுக்கு வந்து வட்டிக்குப் பணம் கொடுத்தனர். 'ஈட்டிக்காரன்' என்று நம் தாத்தாக்கள் சொன்னது இவர்களைத்தான்.

வட்டி வாங்கக் கூடாது என்பது இஸ்லாத்தின் கட்டளை. அப்படியிருந்தும் வட்டித் தொழில் நடந்தது. மதம் ஒன்று சொல்ல, நடைமுறை வேறாக இருப்பது எங்கும் உண்டு. பட்டாணியரிடம் அது தெளிவாகத் தெரியும்.

இரண்டு சட்டங்கள்

அவர்களுக்குத் தொழுகையும் நோன்பும் உயிர். அதோடு 'பக்தூன்வாலி' என்ற பழைய குல வழக்கமும் உண்டு. வந்த விருந்தாளியை உபசரிக்க வேண்டும். அடைக்கலம் கேட்டால் பகைவனையும் காக்க வேண்டும். பழிக்குப் பழி வாங்க வேண்டும். வழக்கு வந்தால் 'ஜிர்கா' என்ற பெரியோர் பஞ்சாயத்து கூடித் தீர்ப்புச் சொல்லும்.

மகளுக்குச் சொத்தில் பங்கு உண்டு என்பது இஸ்லாமியச் சட்டம். வழக்கமோ பல வீடுகளில் அதைத் தடுத்தது. கொலைப் பகையைத் தீர்க்க, கொன்றவன் வீட்டுப் பெண்ணை எதிரி வீட்டுக்குக் கட்டிக்கொடுக்கும் கொடுமையும் இருந்தது. இது இஸ்லாத்துக்கு விரோதம் என்று 2021-ல் பாகிஸ்தானின் ஷரியத் நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

பழியை விட்ட படை

கபார் கான் 1929-ல் 'இறைவனின் தொண்டர்கள்' என்ற படையைத் திரட்டினார். பழி வாங்குவதில்லை என்று அவர்கள் ஆண்டவன் பேரில் ஆணையிட்டனர். பொறுமையே நபிகள் நாயகம் காட்டிய ஆயுதம் என்று அவர் போதித்தார்.

1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை புறப்பட்டது. தொண்டர்கள் இங்கே நடந்துகொண்டிருந்தபோது, 23-ந் தேதி பெஷாவர் கடைவீதியில் துப்பாக்கி வெடித்தது. கபார் கானின் கைதை எதிர்த்துக் கூடியவர்கள் மீது வெள்ளையர் ஆட்சி சுட்டது. பலர் மாண்டனர். ஆயினும் அவருடைய தொண்டர்கள் ஆயுதம் எடுக்கவில்லை. பழி வாங்கும் வழக்கத்தை மதத்தின் பேரால் வென்றார்கள்.

மூடிய பள்ளிகள்

தலிபான்களில் பெரும்பாலோரும் பட்டாணியர்தான். 2021-ல் ஆப்கானிஸ்தானைப் பிடித்ததும், ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளிக் கதவை அடைத்தனர். 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவையும் மூடினர். அதே தலிபான்கள்தான், விதவையைக் கட்டாயப்படுத்தி மணம் முடிக்கக் கூடாது, அவளுக்குச் சொத்தில் பங்கு உண்டு என்று மதத்தின் பேரால் 2021-ல் ஆணையிட்டனர்!

பெண் கல்வியைத் தடுப்பது மார்க்கத்துக்கு முரண் என்று எகிப்தின் அல் அஸ்ஹர் தலைமை இமாம் கண்டித்தார். திருச்சியில் 1951-ல் முஸ்லிம் பெரியோர்கள் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரியில் இன்று பெண்களும் படிக்கிறார்கள். வேதம் ஒன்றுதான். அதைச் சொல்லிக்கொடுப்பவர் யார் என்பதில்தான் வேறுபாடு.

கபார் கான் 1910-ல் தம் சொந்த ஊரில் பள்ளிக்கூடம் திறந்தார். பெண்களும் படிக்க வேண்டும் என்று வாதாடினார். அவர் சொன்ன மார்க்கத்தைப் பட்டாணியர் ஒரு முறை கேட்டார்கள். மறுமுறையும் கேட்டால், மூடிய கதவு திறக்கும்.