நாளைக்கு 266 ரூபாயில் ஆராய்ச்சி

மத்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. சேர்ந்தவருக்கு ஜேஆர்எஃப் போன்ற உதவித்தொகை எதுவும் இல்லையென்றால், யுஜிசி கொடுப்பது "நான்-நெட்" உதவித்தொகை. மாதம் 8,000 ரூபாய். 2015 அக்டோபரில் அதையும் நிறுத்தப்போவதாக யுஜிசி முடிவெடுத்தது. டெல்லியில் அதன் அலுவலக வாசலிலேயே மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். எதிர்ப்பு பெரிதானதும் அரசு பின்வாங்கியது. தொகை தப்பியது, ஆனால் வளரவில்லை!

கணக்கைப் பாருங்கள். அப்போது ஜேஆர்எஃப் 25,000. 2019ல் 31,000 ஆனது. 2023ல் 37,000. நான்-நெட்? 2023லும் அதே 8,000தான். முப்பதால் வகுத்தால் நாளைக்கு 266 ரூபாய் சொச்சம். 2023-24ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 294 ரூபாய். (அதுவே போதாது என்பது வேறு கதை.)

"ஒழுங்கா படிச்சு ஜேஆர்எஃப் வாங்க வேண்டியதுதானே?" என்று ஒரு கூட்டம் கிளம்பும். நெட் தேர்வில் உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும் வாங்கியவருக்கு ஜேஆர்எஃப் பணம் ஒரு பைசா வராது. நெட் பாஸ் பண்ணியும் அவர் நிற்பது "நான்-நெட்" வரிசையில். பேர் வைத்தவர் வாழ்க! மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிப்பவருக்கு இந்தத் திட்டத்தில் அந்த 8,000மும் கிடையாது.

சரி, வயிற்றுப்பாட்டை விடுங்கள். ஆராய்ச்சி என்ன ஆகிறது? திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஒருவர், திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்டுகளின் கடன் பிரச்சினையை ஆராயக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பஸ், லாட்ஜ், சாப்பாடு. போனால் முதலாளி, "அடுத்த வாரம் வாங்க தம்பி" என்பார். முன்பின் தெரியாதவரிடம் கணக்கு நோட்டை யார்தான் நீட்டுவார்கள்? நாலு தடவை டீ குடித்து, ஊர்க்கதை பேசி, நம்பிக்கை வந்த பிறகுதான் கடன் பற்றி வாயே திறப்பார்கள். அந்த நாலு தடவைக்குக் காசு இல்லை. அதனால் தலைப்பு சுருங்குகிறது. சுருங்கிச் சுருங்கி, "கல்லூரி மாணவர்களின் ஆன்லைன் ஷாப்பிங் பழக்கம்" என்று வந்து நிற்கிறது. ஒரு கூகுள் ஃபார்ம், நாலு வாட்ஸப் குரூப், நூறு பதில்கள். முடிந்தது ஆராய்ச்சி.

அப்புறம் ஏதோ ஒரு கருத்தரங்கில் ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்து, "இந்தக் காலத்துப் பசங்க களத்துக்கே போறதில்ல" என்று வருத்தப்படுவார். அவர் வந்துபோன செலவுக்கு டிஏ உண்டு.