தன் நூலைத் தானே விற்பது இழுக்கா?

நம் சங்கத்து நண்பர் பலர் எழுதுகிறார்கள்; எழுதியதை விற்க மட்டும் நாணுகிறார்கள். எனக்கும் அந்த நாணம் இருந்தது. ஆகவேதான் ஒரு பதிப்பகத்தாரிடம் பணத்தைக் கட்டி என் கவிதைத் தொகுதியை ஒப்படைத்தேன். விற்பார் என்று நம்பினேன். வந்த 300 படிகளும் விடுதியில் என் கட்டிலடியில் உறங்குகின்றன. கரையான் ஒன்றுதான் விடாமல் படிக்கிறது!

1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா, தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். அவருக்கு இல்லாத நாணம் நமக்கு எதற்கு?

முதலில் இதழ்களுக்கு அனுப்புங்கள். திரும்பி வந்தால் திருத்துங்கள். பிறகு ஐம்பது படி அச்சிட்டால் போதும். இன்று அது இயலும். ஐ.எஸ்.பி.என். எண் நம் நாட்டில் இலவசம். அதற்கும் எவரேனும் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வரும் பொங்கல் விழாவில் வாயிலருகே மேசை போட்டு அமர்ந்திருப்பேன். விலை நாற்பது ரூபாய்.