மெய்யும் மெய்ந்நிகரும்

தமிழில் ‘மெய்’ என்னும் சொல் உண்மையையும் குறிக்கும்; உடம்பையும் குறிக்கும். இவ்விரண்டும் கூடும் இடம் விளையாட்டுக் களம். அங்கே உடம்பு பொய் சொல்லாது. பழகாத கால் ஓடாது. பழகாத கை பிடிக்காது. இக்காலத்தில், பேரணிகளின் பயிற்சியில் ‘மெய்ந்நிகர்’ என்னும் புதுமுறை புகுந்துள்ளது. அதனை எவ்வளவு ஏற்பது, எங்கே நிறுத்துவது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

மெய்ந்நிகர்க் கருவி கண்களை முழுதும் மறைக்கும் கவசம் போன்றது. அதனுள் இரு கண்களுக்கும் சிறிதே வேறுபட்ட இரு படங்கள் தோன்றும். மூளை அவற்றை ஒன்றாக்கி, ஆழமும் தொலைவும் உடைய காட்சியாகக் கொள்ளும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். ஆதலின் அறையில் நிற்பவன் ஆடுகளத்தின் நடுவே நிற்பதாகவே உணர்வான்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து அமெரிக்கக் காற்பந்துக் குழு 2014-ஆம் ஆண்டில் இம்முறையைக் கைக்கொண்டது. எதிரணியின் அமைப்புகளை உடல் நோவாமல் பலமுறை கண்டு பழக இஃது உதவிற்று. 2018-ஆம் ஆண்டில் தென்கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக் போட்டி நடந்தது. அதற்கு முன்பே அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர்கள் அந்நாட்டு மலைச்சரிவை இக்கருவியின் வாயிலாகக் கண்டு பழகினர். தொலைவிலுள்ள களத்தைக் கண்முன் கொணர்வது சிறிய நன்மை அன்று.

எனினும், காண்பது வேறு, செய்வது வேறு. தியாகதுருகத்தின் மலைமேல் பழங்கோட்டை ஒன்று உண்டு. அதன் மதில்களை ஒருவன் கருவியில் நூறுமுறை கண்டால் வழியெல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். ஆனால் ஒருமுறையேனும் ஏறாதவனுடைய காலுக்கு அம்மலையின் செங்குத்துத் தெரியாது. மூச்சு எங்கே வாங்கும் என்பதும் தெரியாது. சடுகுடு ஆட்டமும் அத்தகையதே. பாடிச் செல்பவன், எதிரணியினர் எங்கெங்கே நிற்பர் என்பதைக் கருவியில் கண்டு பழகலாம். கணுக்காலைப் பற்றும் பிடியின் இறுக்கத்தையோ, அதனை உதறி நடுக்கோட்டைத் தொடும் விசையையோ காட்சி தராது, மண்ணே தரும்.

கருவிகொண்டு பழகுதல் முற்றிலும் புதிதன்று. 2005-ஆம் ஆண்டில், ஷேன் வார்னின் சுழற்பந்தை எதிர்கொள்ள, இங்கிலாந்துக் கிரிக்கெட் அணியினர் ‘மெர்லின்’ என்னும் பந்து வீசும் பொறியிடம் பழகினர். தொடரை அவர்கள் வென்றனர். ஆயினும் வார்ன் அத்தொடரில் 40 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பொறி பழக்கத்தைத் தரும். எதிரியின் அறிவை அளந்து தராது. மேலும், மெய்ந்நிகர்க் கருவியை நெடுநேரம் அணிந்தால் சிலருக்குத் தலை சுற்றும். கண் அசைவைக் காண, உட்செவி அதனை உணராமையே அதற்குக் காரணம்.

இதுகொண்டு, கருவியே வேண்டா என்பார் உளர். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, 2016-ஆம் ஆண்டில் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றாரே என்பர். உண்மையே. ஆயினும் அவரும் பெங்களூரு சென்று பயிற்சி பெற்ற பின்னரே உலக அரங்கில் நின்றார். சிற்றூரில் திறமை பிறக்கிறது. அதனை வளர்க்கும் வசதியோ தொலைவில் இருக்கிறது. கல்வராயன் மலையில் வளரும் மாணவனுக்கு மலையே காலுறுதியைத் தரும். பேரரங்கின் ஆரவாரத்தை அவனுக்கு யார் தருவார்? அதை முதன்முதலில் போட்டி நாளிலேயே காண்பவன் திகைப்பான். முன்னரே கண்டு பழகியவன் திகையான். எனவே இக்கருவி, எல்லா வசதியும் பெற்ற பேரணியினரைக் காட்டிலும், ஒன்றும் பெறாத சிற்றூர் மாணவனுக்கே மிகுதியும் வேண்டுவதாகும்.

அதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் ஊர்தோறும் நல்ல ஆடுகளமும், தகுந்த பயிற்றுநரும், வயிறார உணவும் வேண்டும். அதன்பின் மாவட்டந்தோறும் ஒரு பொதுப் பயிற்சி நிலையத்தில் கருவியை வைத்து, ஏழை மாணவனும் அணியுமாறு செய்தல் வேண்டும். களம் இல்லாத ஊருக்குக் கருவியை அனுப்புதல், பசித்தவனுக்கு விருந்தின் படத்தைக் காட்டுவது போன்றதாகும். செல்வர் அணிகளுக்கு மட்டும் அதனைப் பூட்டி வைத்தலோ, போட்டி தொடங்கும் முன்பே பந்தயக் கோட்டை வளைப்பதாகும்.

மெய்ந்நிகர் என்னும் பெயரே தன் எல்லையைச் சொல்கிறது: அது மெய்க்கு நிகர், மெய் அன்று. கண்ணும் கருத்தும் அதனிடம் பழகட்டும். கையும் காலும் மண்ணிடம் பழகட்டும்.